கேத்திலோடு நிற்பதா, அவர்கள் பட்டியலில் ஏறுவதா?

கட்சிக்காரர் வந்து போய் மூன்று வாரமாகிறது. மீனவர் சங்கக் கட்டடத்தில் நாங்கள் பாயில் இருந்தோம். வந்தவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தது. மூத்தவர் நல்லபடியாகத்தான் கதைத்தார். "இவ்வளவு காலமா நீங்க றோட்டில இருந்தது போதும். ஒரு ஆளைத் தாங்க, பட்டியல்ல போடுறம். மிச்சத்தை நாங்க பாக்குறம்" என்றார். அந்த மிச்சத்துக்குள் என்னென்ன அடங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். நாங்கள் அவர்களோடு சேர்ந்துவிட்டோம் என்று அன்றிரவே அந்தப் படம் முகநூலில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து பறிபோன காணியைக் கேட்டுப் போராடும் எங்கள் காணிக் குழுவே இரண்டு பாதியாகிப் போனது. பெரிய கட்சியின் வேட்பாளர் பட்டியலில் ஏறினால்தான் கொழும்பில் நம் பைல் அசையும் என்கிறது ஒரு பாதி. ஏறினால் நம்மை விழுங்கிவிடுவார்கள், முன்பு கேத்தில் சின்னத்தில் நின்றதுபோலச் சுயேச்சையாகவே நிற்போம் என்கிறது மறு பாதி. இரண்டும் வேண்டாம், இருந்த இடத்திலேயே இருப்போம் என்று சொல்லும் நாலைந்து பேரும் உண்டு. அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு சொல்வதுபோல, அது தப்பு.

நான் குழுவின் கணக்கு எழுதுகிற ஆள். எனக்குப் பேச்சு வராது, கூட்டல் கழித்தல் வரும். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், குச்சவெளி, வெருகல், தம்பலகாமம் பக்கமெல்லாம் காணிக்கும் கடலுக்கும் குளத்துக்குமாக இருக்கிற குழுக்களுக்கு இதே கேள்வி வரும் என்பதால் என் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பாராளுமன்றம். எல்லோருக்கும் கண் அங்கேதான்.

திருகோணமலை மாவட்டத்துக்கு 4 ஆசனம். ஆகக் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு அதில் ஒன்று போனஸாகப் போய்விடும். மீதி 3தான் வாக்கு வீதப்படி பங்கிடப்படுகிறது. 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டாதவர்களைக் கழித்துவிட்டு, மிஞ்சிய வாக்கை 3ஆல் பிரித்து வருகிற எண்தான் ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலையை முழுதாகக் கட்டியவர்களுக்குக் கொடுத்த பிறகும் ஆசனம் மிஞ்சினால், யார் கையில் கூடிய மீதி இருக்கிறதோ அவர்களுக்கு.

கூட்டத்தில் இதை நான் சாக்கட்டியால் தரையில் எழுதிக் காட்டினேன். 2 லட்சம் செல்லுபடியான வாக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்சிக்கு 90,000, இரண்டாவதுக்கு 55,000, தமிழ்க் கட்சிக்கு 30,000, சுயேச்சையாக நிற்கும் எங்களுக்கு 12,000, மற்ற உதிரிகளுக்கு 13,000. (எல்லாம் விளக்கத்துக்குப் போட்ட எண்கள். எங்களுக்கு 12,000 விழும் என்பதே பெரிய ஆசைதான்.) வெட்டுப்புள்ளி 10,000. அதைத் தாண்டிவிட்டோம் என்று பின்வரிசையில் ஒரு தம்பி கைதட்டினான். உதிரிகளைக் கழித்தால் 1,87,000. 3ஆல் பிரித்தால் ஏறத்தாழ 62,300. முதல் கட்சிக்குப் போனஸ் ஒன்று, வாக்குக்கு ஒன்று, மீதி ஏறத்தாழ 27,700. மிச்சமிருப்பது இரண்டு ஆசனம். 55,000 ஒன்றை எடுக்கும், 30,000 மற்றதை எடுக்கும். எங்கள் 12,000 வெட்டுப்புள்ளியைத் தாண்டியும் வெறுங்கையோடு வீட்டுக்கு வரும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. நாங்கள் இன்னும் கொஞ்சம் நன்றாக வேலை செய்து தமிழ்க் கட்சியிடமிருந்து மேலும் 3,000 வாக்கைப் பிரித்துவிட்டோம் என்று வையுங்கள். எங்களுக்கு 15,000, அவர்களுக்கு 27,000. இப்போது முதல் கட்சியின் மீதி 27,700 அவர்களைவிடப் பெரியது. நாலாவது ஆசனமும் முதல் கட்சிக்குப் போகிறது. எங்களுக்கு அப்போதும் பூச்சியம். கைதட்டிய தம்பி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2000ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இந்த மாவட்டத்திலிருந்து ஒரு தமிழ் உறுப்பினர்கூடப் போகவில்லை. அடுத்த வருடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானதற்கு அந்த அடியும் ஒரு காரணம். 2024 நவம்பரில் வடக்கிலும் மட்டக்களப்பிலும் தமிழ்க் கட்சிகள் தனித்தனியே மோதிக்கொண்டபோது, திருகோணமலையில் மட்டும் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஒரே வீட்டுச் சின்னத்தில் நின்றன. அப்படி நின்றும் ஓர் ஆசனம்தான். தேசிய மக்கள் சக்தி 2, ஐக்கிய மக்கள் சக்தி 1, தமிழரசுக் கட்சி 1.

சுயேச்சையாக வென்றவர்கள் இல்லையா என்றால், உண்டு. எங்கள் கூட்டத்திலும் உடனே இரண்டு பெயர் வந்தது. 1989இல் ஈரோஸ் சுயேச்சைக் குழுவாக நின்று நாடு முழுதும் 13 ஆசனம் எடுத்தது. திருகோணமலையில் மட்டும் 2. ஆனால் அது இந்திய இராணுவம் இங்கே நின்ற காலம். ஈரோஸ் ஊருக்கு ஊர் ஆள் வைத்திருந்த இயக்கம். மீனவர் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து இருக்கிற எங்களை அதோடு வைத்துப் பார்க்க முடியாது. இரண்டாவது, 2024இல் யாழ்ப்பாணத்தில் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு ஊசிச் சின்னத்தில் 27,855 வாக்கு எடுத்து, வைத்தியர் அர்ச்சுனா பாராளுமன்றம் போனது. சாவகச்சேரி வைத்தியசாலைப் பிரச்சினையில் எழும்பிய அலை அது. யாழ்ப்பாணத்துக்கு 6 ஆசனம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே ஆசனம் கொண்டுவந்த அதே வீதம் இங்கே 4 ஆசனத்தில் ஒன்றும் கொண்டுவராது. அதோடு, அந்த வாக்கு ஒரு மனிதரின் பெயருக்கு விழுந்த வாக்கு. எங்கள் குழுவில் அப்படி ஒரு முகம் இல்லை. இல்லாதது நல்லதென்றே நினைக்கிறேன், ஆனால் தேர்தலுக்கு அது குறைதான்.

போராட்டத்துக்கு வருகிற கூட்டமெல்லாம் வாக்குச்சாவடிக்கு வராது என்பதற்கு வெளியிலும் சாட்சி உண்டு. மணிப்பூரில் 16 வருடம் உண்ணாவிரதம் இருந்த இரோம் சர்மிளா 2017இல் தேர்தலில் நின்றபோது கிடைத்த வாக்கு 90. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து ஊரையே திரட்டிய உதயகுமார் 2014இல் கன்னியாகுமரியில் ஆம் ஆத்மி கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றார். ஒருவர் தானே தொடங்கிய சிறு கட்சியில் போனார், மற்றவர் ஏற்கெனவே இருந்த கட்சியில் போனார், இருவருக்கும் ஒரே முடிவு. சனம் ஒருவரைக் கும்பிடுவதற்கும் அவருக்குப் புள்ளடி போடுவதற்கும் இடையில் சாதி, சமயம், காசு, பயம், "இவர் வென்று என்ன செய்வார்" என்கிற நியாயமான கேள்வி எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

அப்படியானால் பட்டியலில் ஏறுவது சரியா? அவசரப்பட வேண்டாம்.

4 ஆசனத்துக்கு ஒரு கட்சி 7 பேரைப் போடும். ஏழில் இரண்டு பேர், கூடினால் மூன்று பேர் வெல்வதற்காக நிற்பவர்கள். மற்றவர்கள் அவர்களுக்கு வாக்குச் சேர்க்க நிற்பவர்கள். கட்சிக்குப் புள்ளடி போட்டபின் வாக்காளர் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அந்த மூன்றுக்குத்தான் ஒரே கட்சிக்காரர் ஒருவரையொருவர் இழுத்து விழுத்துவார்கள். எங்கள் பக்கத்து ஊரில் பெண்கள் நடத்திய ஒரு போராட்டத்தில் முன்னுக்கு நின்ற அக்கா ஒருவரை ஒரு பெரிய கட்சி இப்படித்தான் கூட்டிக்கொண்டு போனது. சுவரொட்டியில் கடைசிப் படம் அவருடையது. மேடைக்கு மேடை மாலை விழுந்தது, வாகனம் மட்டும் அவர் ஊர்ப்பக்கம் வரவில்லை. தேர்தல் முடிந்தபோது கட்சி அவரை மறந்துவிட்டது. அதைவிட மோசம், மற்றக் கட்சிக்கு வாக்களித்த பெண்கள் பந்தலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். "நாங்க வந்தா அந்தக் கட்சிக்கு வந்த மாதிரி" என்று சொன்னார்களாம். பந்தல் இன்னும் இருக்கிறது. மழைக்கு ஆடு ஒதுங்குகிறது.

ஆள் வென்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 99(13) உறுப்புரைப்படி, எந்தப் பட்டியலில் தெரிவானாரோ அந்தக் கட்சியின் உறுப்புரிமையை இழந்தால் ஒரு மாதத்தில் ஆசனமும் போகும். உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாதாடலாம், அதற்கும் காசு வேண்டும். எங்கள் காணிக்கு எதிரான ஒரு தீர்மானத்தைக் கட்சி கொண்டுவந்தால் எங்கள் ஆள் கை தூக்குவாரா, ஆசனத்தை இழப்பாரா? அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கதிரையில் இருக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அஷ்ரபின் முஸ்லிம் காங்கிரஸ் 1989இல் தனியே நின்று 4 ஆசனம் எடுத்தது. அந்தத் தேர்தலுக்கு முன்பே, 1988இல், ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவுக்கு ஆதரவு கொடுப்பதற்கு விலையாக வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5க்கு இறக்க வைத்தார்கள். அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் வந்தது அப்படித்தான். பிறகு 1994இல் சந்திரிகாவோடு உடன்பாடு. ஒரு பெரிய கட்சியிடம் போகிறபோது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு எங்கள் கிழக்கிலேயே இதைவிட நல்ல பாடம் இல்லை. அவர் முதலில் கேட்டு வாங்கியது விதி மாற்றம். கதிரை பிறகு தானாக வந்தது. நாங்கள் "ஒரு இடம் தாங்க" என்று கேட்கிறோம். அவர்கள் ஏழாவது இடத்தைத் தருகிறார்கள்.

இனி பிரதேச சபை. எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உள்ள இடம், ஆகவே நீளும்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் நாங்கள் சுயேச்சையாக நின்றோம். நம் வட்டாரத்தில் மட்டும் ஒரு ஆளைப் போட்டால் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினோம். முடியாது. ஒரு சபைக்கு மனுப் போட்டால் எல்லா வட்டாரத்துக்கும் ஆள் போட வேண்டும், மேலதிகப் பட்டியலுக்கும் ஆள் வேண்டும், அதில் பாதி பெண்கள். இருபதுக்கு மேல் ஆள். கட்சிக்காரருக்குத் தலைக்கு 1,500 கட்டுப்பணம், சுயேச்சைக்கு 5,000. இருபது பேர் என்றாலே ஒரு லட்சம். எங்கள் குழுவின் சீட்டுக்காசு முழுதும் அங்கே போனது. முஸ்லிம் ஊர்களிலும் சிங்கள ஊர்களிலும் ஆள் தேடிப் போன அந்த இரண்டு வாரத்தில்தான் எங்களுக்கே ஒரு விசயம் பிடிபட்டது: அவர்களுக்கும் அதே வன இலாகா எல்லைக்கல், அதே அனுமதிப்பத்திரப் பிரச்சினை. வேட்பாளர் தேடிப் போன இடத்தில் கூட்டாளி கிடைத்தார்கள். கட்சிப் பட்டியலில் ஏறியிருந்தால் அந்த வீடுகளுக்குப் போயிருக்கவே மாட்டோம்.

சின்னம் கடைசியில்தான் வந்தது. கட்சிக்காரருக்கு வீடு, யானை என்று பிறந்ததிலிருந்தே தெரிந்த சின்னம். சுயேச்சைக்கு வேட்புமனு முடிந்த பிறகு கிடைப்பதுதான். எங்களுக்குக் கேத்தில். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு மாமி ஒருவர், போராட்டப் பந்தலில் நாலு மாதம் தேத்தண்ணி ஊற்றிய அதே கரிபிடித்த கேத்திலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "இதுதான் சின்னம். இதில நீயும் குடிச்சிருக்கிறா, மறந்திடாத" என்பது மட்டும்தான் அவரின் பிரசாரம். நாங்கள் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தைவிட அது வேலை செய்தது. ஒரு வட்டாரத்தை மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் பிடித்தோம்.

வென்றபின் நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இராது. புதிய கலப்பு முறையில் 60 வீதம் வட்டாரத்தில் நேரே வென்றவர்கள், 40 வீதம் வாக்கு வீதப்படி பட்டியலிலிருந்து வருபவர்கள் என்பதால் பல சபைகளில் ஒருவருக்கும் பெரும்பான்மை வரவில்லை. தவிசாளர் (சபைத் தலைவர்) தெரிவில் எங்கள் ஒற்றை உறுப்பினரின் கைக்கு விலை ஏறியது. இரவில் வாகனம் வந்து நின்றது. யாருக்குக் கை தூக்குவதென்று குழுவில் விடிய விடியக் கதைத்து, இரண்டு றோட்டும் தெருவிளக்கும் கேட்டு ஒரு பக்கம் போனோம். றோட்டில் ஒன்று வந்தது. அடுத்த வருடம் எங்கள் உறுப்பினர் அந்தப் பக்கத்தின் கூட்டங்களுக்கு எங்களுக்குச் சொல்லாமலே போகத் தொடங்கினார். பிறகு முழுதாகவே அங்கே போய்விட்டார். சுயேச்சை என்றால் விலைபோக மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். கட்சியிலாவது கேட்க ஒரு மத்திய குழு இருக்கும். எங்களிடம் ஒரு கொப்பியும் ஒரு கேத்திலும்தான் இருந்தன.

இன்னொரு நியாயமான கேள்வி: பிரதேச சபையால் காணியை மீட்க முடியுமா? முடியாது. அரச காணி பிரதேச செயலாளரிடமும் வன இலாகாவிடமும் துறைமுக அதிகாரசபையிடமும் இருக்கிறது. சபை தரக்கூடியது றோட்டு, விளக்கு, சந்தை, குப்பை, கட்டட அனுமதி. ஆனால் தவிசாளர் என்றால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஓர் இடம் உண்டு. அங்கே எழுப்பியது கூட்டக் குறிப்பில் ஏறும். அதிகாரி அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் வாசலில் கொடுத்த மகஜர்கள் எத்தனை என்று என் கொப்பியில் இருக்கிறது. பதில் வந்தவை எத்தனை என்பதை எழுத ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. கூட்டக் குறிப்பில் ஏறிய ஒரே ஒரு வசனத்துக்குப் பதில் வந்தது. எல்லைக்கல்லைப் பார்க்க நிலஅளவையாளர் ஒருவர் வந்தார். கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது, ஆனால் அவர் வந்தார்.

அதனால் பிரதேச சபைக்குச் சுயேச்சைதான் என்று நான் சொல்வேன். சில நூறு வாக்கில் ஒரு வட்டாரம் வெல்லலாம். வேட்பாளரை எல்லோருக்கும் தெரியும். தோற்றாலும் ஊர் மாறி ஆள் தேடிய உறவு மிஞ்சும். பத்திரத்தில் மட்டும் கவனம் வேண்டும். 2025 மார்ச்சில் எத்தனையோ வேட்புமனுக்கள் இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியில்லை என்பதுபோன்ற காரணங்களுக்காக நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போயின. கட்சிகளுக்குச் சட்டத்தரணி இருக்கிறார். நமக்கு நாமேதான். தேர்தல் முடிந்து 21 நாளுக்குள் செலவறிக்கையும் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதைக் கொடுக்காவிட்டால் வழக்கு. தோற்றவர்களும் கொடுக்க வேண்டும். தோற்ற கவலையில் மறந்துபோவது பெரும்பாலும் தோற்றவர்கள்தான்.

மாகாண சபைத் தேர்தல் பற்றிக் கேட்கிறார்கள். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது, அதன்பின் தேர்தல் இல்லை. 2017இல் சட்டத்தை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது, விசயம் அங்கேயே நின்றுவிட்டது. பழைய முறையிலேயே நடந்தால் கணக்கு அடியோடு மாறும். மாகாண சபையில் திருகோணமலைக்கு 10 ஆசனம், மாவட்டத்தில் போனஸ் இல்லை. முன்னே சாக்கட்டியால் எழுதிய அதே எண்களை 10ஆல் பிரித்துப் பாருங்கள்: ஆசனத்தின் விலை 18,700. பெரியவர்கள் தங்கள் பங்கை எடுத்தபின் மீதி வாக்கில் எங்கள் 12,000க்கு ஓர் ஆசனம் வருகிறது. பாராளுமன்றத்தில் வெறுங்கையோடு திரும்பிய அதே 12,000. 2012இல் தேசிய சுதந்திர முன்னணி இந்த மாவட்டத்தில் தனியே நின்று ஓர் ஆசனம் எடுத்ததும் இப்படித்தான். காணி அதிகாரம், மாகாண சபைகளை உண்டாக்கிய 13ஆவது திருத்தத்தில் எழுத்தில் இருக்கிறது, கையில் இல்லை என்பது வேறு கதை. புதிய முறை வந்தால் இந்தப் பந்தியைக் கிழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட வேண்டும்.

இப்போது அந்த நாலைந்து பேரிடம் வருகிறேன், ஒன்றிலும் சேர வேண்டாம் என்பவர்கள். அவர்களில் ஒருவர் சம்பூர் ஐயா. 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமில் ஒன்பது வருடம் இருந்தவர். அவர் கூட்டத்தில் ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தார்: "சம்பூரை ஆர் தேர்தல்ல நிண்டு எடுத்தது?"

யோசித்துப் பார்த்தால், ஒருவரும் இல்லை. சம்பூரில் அரசு முதலீட்டுச் சபைக்குக் கொடுத்திருந்த 818 ஏக்கர் விடுபட்டு 2015 ஆகஸ்டில் சனம் திரும்பத் தொடங்கியதற்கு வழக்கும் முகாமில் இருந்த சனத்தின் பிடிவாதமும் கூட்டமைப்பின் பேச்சும் சேர்ந்தன. அந்த வருடம் ஜனவரியில் ஆட்சி மாறியதும் சேர்ந்தது. பிறகு 500 மெகாவோட் அனல் மின் நிலையம் வரப்போகிறது என்றபோது, கொழும்பில் ஒரு சூழல் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது, ஊரில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 2016 செப்டெம்பரில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக நீதிமன்றத்துக்குச் சொன்னது. இதில் எந்தக் கட்சியின் பட்டியலும் இல்லை, எந்தச் சுயேச்சைச் சின்னமும் இல்லை. எல்லாக் கட்சிக்காரரும் வந்து போகக்கூடிய ஒரு முற்றமாக அந்தப் போராட்டம் இருந்தது. ஐயாவிடம் எனக்கு ஒரே ஒரு மறுப்பு: அந்த ஜனவரியில் கிழக்குச் சனம் கூட்டமாகப் போய்ப் புள்ளடி போடாவிட்டால் ஆட்சி மாறியிருக்காது. வாக்கை ஒதுக்கிவிட்டுச் சம்பூர் கதையைச் சொல்ல முடியாது. அதே சம்பூரில் இப்போது அனலுக்குப் பதில் சூரிய மின் திட்டம். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பில் இருந்தபடியே தொடக்கி வைத்தார்.

அதே 2025இல் முத்துநகர் விவசாயிகள், தங்கள் வயல்கள் சூரிய மின் திட்டத்துக்குப் போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மாவட்டத்தின் 4 உறுப்பினரில் 2 பேர் ஆளும் கட்சி. ஆளும் கட்சியில் ஆள் இருந்தால் பைல் அசையும் என்கிற எங்கள் பாதிக்கூட்டம் ஒருநாள் அந்தப் பந்தலில் போய் இருந்துவிட்டு வந்து கதைக்க வேண்டும் என்பது என் விருப்பம். எங்களில் சிலர் போனார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் பட்டியலைப் பற்றிக் கதைக்கவில்லையாம்.

கோட்டாபயவை இறக்கிய 2022 காலிமுகத்திடல் போராட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், எல்லோரும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே கூடிய கோபத்தின் அறுவடை யாருக்குப் போனது? பாராளுமன்றத்தில் 3 ஆசனம் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி 2024இல் 159 ஆனது. போராட்டக்களத்திலிருந்தே நேராகத் தேர்தலுக்கு வந்த மக்கள் போராட்ட முன்னணிக்கு ஒன்றுமில்லை. தேசிய மக்கள் சக்திக்குப் பின்னால் ஜே.வி.பி. என்ற பழைய இடதுசாரிக் கட்சியின் பல பத்து வருட அமைப்பு இருந்தது. கோபம் எல்லோருக்கும் பொது, கிளைச் செயலாளர்கள் அப்படியில்லை.

இவ்வளவையும் வைத்து நான் குழுவுக்குக் கொடுத்த முடிவு இது. பாராளுமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கக் கூடாது, அது தற்கொலை, அதோடு மற்றவர்களையும் கொல்வது. கட்சிகளோடு பேசலாம், ஆனால் ஏழாவது இடத்துக்காகப் பேசக் கூடாது. வேட்புமனுவுக்கு முன்பே எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும்: எங்கள் காணி வழக்கின் செலவில் பாதி, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் விசயத்தை எழுப்புவது, காணி பற்றிய எந்தத் தீர்மானத்துக்கும் முன் எங்களோடு கலந்துபேசுவது. அதை எங்கள் ஊர்க் கூட்டத்தில், எல்லோருக்கும் கேட்க, அவர்களே வாசிக்க வேண்டும். எந்தக் கட்சி வாசிக்கிறதோ அதற்கு ஆதரவு. இரண்டு கட்சி வாசித்தால் இன்னும் நல்லது, சனம் தெரிவு செய்யட்டும். பிரதேச சபைக்குச் சுயேச்சை, அதே கேத்தில் திரும்பக் கிடைக்காவிட்டாலும். நிற்பவர் எவரானாலும் அன்றைக்கே குழுவின் பதவியை விட வேண்டும். 2018இல் எங்கள் தலைவரே வேட்பாளராக நின்றதால், அவர் போனபோது குழுவின் முத்திரையும் அவர் வீட்டு அலுமாரியோடு போனது. புது முத்திரை செய்ய 850 ரூபாய்.

முழுச் சம்மதம் வரவில்லை. சம்பூர் ஐயா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். எதிராகவும் நிற்கவில்லை. "வாசிப்பாங்களெண்டா எனக்குச் சொல்லு தம்பி, நான் வந்து முன்னுக்கு இருக்கிறன்" என்றார். பட்டியலில் ஏற ஆசைப்பட்ட இருவருக்கு என்மேல் கோபம். ஒருவர் இன்னும் கதைப்பதில்லை.

உடன்பாட்டுக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, வந்து போன அந்தக் கட்சிக்கும் இன்னும் இரண்டு கட்சிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ரசீது கொப்பியில் ஒட்டியிருக்கிறது. இன்று வரை பதில் இல்லை. ஆனால் அந்தப் படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.